புதன் மதியம், வெள்ளி மாலை

சாரணர் படையின் வாராந்திரக் கூட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும் என்று பயிற்சி முகாம்களில் சொல்லித்தருவார்கள். திருவண்ணாமலையில் எனக்கு அவ்வளவு நேரம் கிடைத்ததில்லை. வெள்ளிக்கிழமை நாலே காலுக்குப் பள்ளி மணி அடிக்கும். தண்டராம்பட்டு, வேட்டவலம், கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிற பையன்கள் ஐந்தரைக்குக் கிளம்பியாக வேண்டும். இலவச பஸ் பாஸ் வைத்திருப்பவர்கள் அரசுப் பேருந்தில்தான் ஏற முடியும். ஒன்றை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஐந்தே முக்காலுக்கே இருட்டத் தொடங்கிவிடும். கூட்டம் பத்து நிமிடம் நீண்டால் பத்து வீட்டில் அம்மாக்கள் வாசலில் நிற்பார்கள். ஆகவே எங்கள் படையின் முதல் விதி ஐந்து இருபத்தைந்துக்குக் கொடி இறங்கிவிட வேண்டும் என்பதுதான். மீதி எல்லாவற்றையும் அந்த நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் திட்டம் போடுவோம்.

நான் கணக்கு ஆசிரியர். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளில் சாரண ஆசிரியர் பொறுப்பும் வந்தது. அடிப்படைப் பயிற்சி, அதற்கு மேல் அட்வான்ஸ்டு, பிறகு இமாலய உட்பேட்ஜ் என்று எல்லாப் படிகளும் ஏறினேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். படையை ஓர் இளைய ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார். கூட்டம் எப்படி நடத்துவது என்று அவர் கேட்டபோது நான் சொன்னவற்றைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் பத்து வயதிலிருந்து பதினேழு வயது வரை சாரணர். ஆறிலிருந்து எட்டுப் பேர் ஓர் அணி. அதிகபட்சம் நான்கு அணிகள், முப்பத்திரண்டு பேர் சேர்ந்தது ஒரு படை. புதிதாக வரும் ஆசிரியர்கள் பெரும்பாலும் படையைத்தான் பார்க்கிறார்கள், அணியைப் பார்ப்பதில்லை. முப்பத்திரண்டு பேரை மைதானத்தில் நிறுத்தி, எதிரே நின்று, வகுப்பில் செய்வதையே வெயிலில் செய்கிறார்கள். சாரணியத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில் முதல் முகாமை நடத்தியபோது அந்தச் சின்னக் கூட்டத்தைக்கூட ஒன்றாக வைத்துக்கொள்ளவில்லை. ஓநாய், காளை, அண்டங்காக்கை, நீண்ட அலகுள்ள கர்லூ பறவை என்று நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு மூத்த பையனைத் தலைவனாக்கி, பொறுப்பை அவன் கையில் கொடுத்தார். அந்த முறையை விளக்கித் தனிப் புத்தகமே எழுதிய ரோலண்ட் பிலிப்ஸ் என்ற இளைஞர் 1916இல் முதல் உலகப் போரில் இறந்துபோனார். பணக்காரர், ஏழை என்று பலவகைப் பையன்களோடு பழகியவர். பையன்களைப் பையன்களே நடத்த முடியும் என்று அவர் நம்பியது எங்கள் ஊருக்கும் பொருந்துகிறது. என் அனுபவத்தில் இதைவிட உறுதியாக நான் சொல்லக்கூடியது வேறு ஒன்றும் இல்லை. கூட்டம் நடப்பது அணியில். ஆசிரியர் அதற்கு இடமும் நேரமும் பொருளும் செய்து கொடுக்கிறார்.

அதனால் எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டம் புதன்கிழமை மதியமே தொடங்கிவிடும். சத்துணவுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு நான்கு அணித் தலைவர்களும் நான்கு துணைத் தலைவர்களும் வேப்பமரத்தடிக்கு வருவார்கள். இருபது நிமிடம்தான். வெள்ளிக்கிழமை அவர்கள் தங்கள் அணிக்குக் கற்றுக்கொடுக்கப்போவதை அன்று அவர்கள் கற்றுக்கொள்வார்கள். பிரதம் சோபான் நிலையில் இருக்கும் முடிச்சு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ரீஃப் நாட், ஷீட் பெண்ட், குளோவ் ஹிட்ச், போலைன், எதுவாக இருந்தாலும் புதன்கிழமை அதை நான் எட்டுப் பேருக்குக் காட்டுவேன். அவர்கள் போட்டுக்காட்டுவார்கள். அதன் பிறகுதான் முக்கியமான வேலை. ஒருவன் ஆசிரியராகவும் மற்றவன் ஒன்றும் தெரியாத புதுப் பையனாகவும் நடித்து, அதே முடிச்சைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். முடிச்சைப் போடத் தெரிவதும் போடச் சொல்லிக்கொடுக்கத் தெரிவதும் வேறு வேறு திறமைகள். எதிரே உட்கார்ந்து காட்டினால் கற்பவனுக்கு வலம் இடம் மாறிப்போகும், பக்கத்தில் உட்கார்ந்துதான் காட்ட வேண்டும் என்பதை எங்கள் பையன்களே கண்டுபிடித்தார்கள். கயிற்றைக் கற்பவன் கையிலிருந்து பிடுங்கக் கூடாது என்பதும் அவர்கள் வைத்த விதிதான்.

தண்டராம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். வகுப்பில் அவன் குரலை நான் கேட்டதே இல்லை. அணிக்காரர்கள் அவனைத் தலைவனாகத் தேர்ந்தெடுத்தபோது ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் ஆச்சரியம். "சார், அவன் பேசவே மாட்டானே" என்றார்கள். அவன் அப்பா கட்டட வேலையில் சாரம் கட்டுகிறவர். கயிறு அவன் கைக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அவன் அணியில் குளோவ் ஹிட்ச் போடத் தெரியாத பையன் ஒருவன்கூட இல்லை. தூணில் சுற்றிக் காட்டுவான், அவிழ்ப்பான், கயிற்றை நீட்டுவான். அவ்வளவுதான். அவன் பேசாததே அந்த அணிக்கு நல்லதாகிவிட்டது, ஏனென்றால் மற்றவர்கள் கை வேலை செய்துகொண்டே இருந்தது.

கயிறு பற்றி ஒரு வார்த்தை. நைலான் கயிறு வாங்காதீர்கள். மலிவு, பளபளப்பு, ஆனால் முடிச்சு வழுக்கிவிடும். புதிதாகக் கற்கிற பையன் தான்தான் தப்பாகப் போட்டோம் என்று நினைத்துக்கொள்வான். பருத்தி நூல் கயிறு, விரல் பருமனில், ஆளுக்கு இரண்டு மூன்று மீட்டர் போதும். தேரடித் தெருக் கடைகளில் கிடைக்கும். நுனியை நூலால் சுற்றிக் கட்டிவிட்டால் பிரியாது. அதுவே ஒரு பாடம்.

வெள்ளிக்கிழமையின் வரிசையைச் சொல்கிறேன். விசில் ஊதினால் நான்கு அணிகளும் குதிரை லாட வடிவில் நிற்கும். கொடியேற்றம், இறைவணக்கம், அணித் தலைவனே தன் அணியைப் பார்வையிடுவது, வருகைப் பதிவு. இதற்கெல்லாம் பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. பார்வையிடும்போது நகம், சீருடை, ஸ்கார்ஃப் மடிப்பு பார்ப்பார்கள். சீருடை தைக்க முடியாத பையனைப் பின்வரிசைக்குத் தள்ளுகிற படைகளைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். எங்கள் படையில் ஸ்கார்ஃப் மட்டும் எல்லாருக்கும் உண்டு. சட்டையும் கால்சட்டையும் வளர்ந்துவிட்ட அண்ணன்களிடமிருந்து தம்பிகளுக்கு வந்துகொண்டே இருக்கும்.

வணக்கம் முடிந்தவுடன் ஓட்டமுள்ள ஒரு விளையாட்டு. நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்த உடம்பு அது. அதை ஓடவிடாமல் உட்காரவைத்தால் அடுத்த அரை மணி நேரமும் வீண். பிறகு இருபது இருபத்தைந்து நிமிடம் அணி மூலை. நான்கு அணிகளும் மைதானத்தின் நான்கு மூலைக்குப் போய், தலைவன் புதன்கிழமை கற்றதை நடத்துவான். நான் ஒரு மூலையிலிருந்து இன்னொன்றுக்கு நடந்துகொண்டிருப்பேன். யாராவது கேட்டால்தான் வாய் திறப்பேன். அதன் பிறகு அணிகளுக்கிடையே போட்டி, அதுவும் அன்று கற்றதை வைத்து. முடிச்சு கற்றிருந்தால் முடிச்சு ரிலே, கட்டுப் போடக் கற்றிருந்தால் காயம்பட்டவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கி ஓடும் போட்டி. கடைசியில் ஐந்து நிமிடம் வட்டமாக உட்கார்ந்து ஒரு பாட்டு அல்லது கதை, அடுத்த வார அறிவிப்பு, கொடி இறக்கம்.

இந்த வரிசையை யாரும் கையேட்டிலேயே படித்துக்கொள்ளலாம். கூட்டம் கெடுவது அதன் இடைவெளிகளில்தான். ஒரு விளையாட்டு முடிந்து அடுத்ததற்கு ஆசிரியர் கயிற்றைத் தேடப் போகிறார். இரண்டு நிமிடம் ஆகிறது. அதற்குள் இரண்டு பேர் மண்ணில் புரள்கிறார்கள், ஒருவன் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறான், கேட்டுக்கு அருகில் ஐஸ் வண்டி மணி கேட்கிறது. திரும்பி வந்த ஆசிரியர் சத்தம் போடுகிறார். பையன்கள் ஒழுங்கில்லை என்று முடிவு செய்துவிடுகிறார். பையன்கள் சும்மா இருக்கவைக்கப்பட்டார்கள், அவ்வளவுதான். ஆகவே ஒவ்வோர் அணிக்கும் ஒரு பெட்டி. பழைய பிஸ்கட் தகரப் பெட்டி போதும். அன்றைக்குத் தேவையான கயிறு, முக்கோணத் துணி, சாக்பீஸ், பென்சில், தாள் எல்லாம் மதிய இடைவேளையிலேயே அதில் போய்விட வேண்டும். அதற்குப் பொறுப்பு துணைத் தலைவன். என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீட்டு இருக்கும். பொருள் எதுவும் வேண்டாத, ஒரு நிமிடத்தில் தொடங்கக்கூடிய மூன்று விளையாட்டுகளின் பெயர் அதில் இருக்கும். திட்டமிட்டது சரிப்படவில்லை என்று தெரிந்தவுடனே அதில் ஒன்றை எடுத்துவிடுவேன்.

விளையாட்டை எப்போது நிறுத்துவது என்பதில் பல ஆசிரியர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. பையன்கள் போதும் என்று சொல்லும் வரை விட்டுவிடுவது அன்பு என்று நினைக்கிறார்கள். நான் அது உச்சத்தில் இருக்கும்போதே விசில் ஊதிவிடுவேன். "சார், இன்னும் ஒரு ஆட்டம் சார்" என்று கெஞ்சுவார்கள். அந்தக் கெஞ்சல்தான் அடுத்த வெள்ளிக்கிழமைக்கு அவர்களைக் கூட்டிவரும்.

என்ன விளையாட்டு என்பதும் முக்கியம். கிளித்தட்டும் கொக்கோவும் சடுகுடுவும் நம் பையன்களுக்கு விளக்கம் இல்லாமலே தெரியும். சாரணியம் என்றால் ஆங்கிலப் பாட்டும் ஆங்கில விளையாட்டும் என்று ஒரு பழக்கம் பல இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சென்னையில் 1916இல் அன்னி பெசண்ட் அம்மையார் ஜார்ஜ் அருண்டேலோடு சேர்ந்து இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சாரணர் சங்கம் தொடங்கியதை அப்படி நினைப்பவர்கள் அறிய வேண்டும். அன்று பிரிட்டிஷ் சாரணர் அமைப்பில் இந்தியச் சிறுவர்களுக்கு இடம் இல்லை. அவருடைய சாரணர்கள் தலைப்பாகை கட்டினார்கள், இந்தியப் பாட்டுகளைப் பாடினார்கள். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது இரு அமைப்புகளும் கைகோத்தன. நம் மண்ணின் விளையாட்டும் பாட்டும் இந்த இயக்கத்துக்குள் நூறாண்டுக்கு முன்பே வந்துவிட்டவை. இன்றைய பாரத சாரண சாரணியர் இயக்கம் பல சங்கங்கள் இணைந்து 1950 நவம்பர் 7 அன்று உருவானது. அடுத்த ஆண்டு சாரணியரும் சேர்ந்தார்கள்.

கண்ணால் பார்த்ததை நினைவில் வைக்கும் பயிற்சிக்குக் கிம் விளையாட்டு என்று பெயர். கிப்ளிங்கின் நாவலில் வரும் சிறுவனின் பெயர் அது. ஒரு துணிக்கடியில் இருபத்துநான்கு பொருள்களை வைத்து, ஒரு நிமிடம் திறந்து காட்டி, மூடியபின் நினைவிலிருந்து எழுதச் சொல்வார்கள். குறைந்தது பதினாறு பொருள்களையாவது எழுத வேண்டும். இதை இரண்டு மூன்று முறை நடத்தியபின் பையன்களுக்குச் சலித்துவிடும். நாங்கள் மாற்றினோம். பள்ளி அலுவலக உதவியாளர் மைதானத்தின் குறுக்கே நடந்து போவார். அவர் போனபின் நான்கு அணிகளும் எழுத வேண்டும்: சட்டை நிறம், கையில் என்ன, செருப்பு உண்டா, எந்தப் பக்கம் போனார். பிறகு பள்ளிச் சுவரை ஒட்டிப் போகிற யாரையும் பார்த்து இதைச் செய்தார்கள். இது எதற்கு என்பது கார்த்திகையில் தெரியும், அதைப் பிறகு சொல்கிறேன்.

பேச்சைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம். சாரணர் கூட்டத்துக்கு யாராவது பெரியவர் வந்துவிட்டால் அரை மணி நேரம் பேசுகிறார். ஒழுக்கம், நாட்டுப்பற்று, மரம் நடுதல். பையன்கள் நிற்கிறார்கள். அதைவிட மோசம், விழா எது வந்தாலும் சாரணர்களை வாசலில் இரண்டு வரிசையாக நிறுத்தி, வருகிறவர்களுக்குக் கைதட்டவைப்பது. பத்து வயதுப் பையன் வெயிலில் ஒரு மணி நேரம் நின்று ஒரு காருக்காகக் காத்திருப்பதில் சேவையும் இல்லை, கல்வியும் இல்லை. தலைமை ஆசிரியர் ஒருவரிடம் இதை நான் சொன்னேன். அவர் புரிந்துகொண்டார். அதன் பிறகு எங்கள் பையன்கள் விழாக்களில் முதலுதவிப் பெட்டியோடும் தண்ணீர்க் குடத்தோடும் நின்றார்கள். வேலை இருந்தது, அதனால் நிற்கவும் பிடித்தது.

எங்கள் ஊரில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு பாக்கியம் உண்டு. பாடத்திட்டத்தில் இருக்கிற எல்லாவற்றுக்கும் ஊரே பாடப்பொருள். திசைகாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுத் திசை என்று பலகையில் எழுதினால் தென்கிழக்கும் தென்மேற்கும் குழம்பும். கிரிவலப் பாதையில் எட்டு லிங்கங்கள் எட்டுத் திசையில் இருக்கின்றன. கிழக்கே இந்திர லிங்கம், தென்கிழக்கே அக்னி, தெற்கே எம, தென்மேற்கே நிருதி, மேற்கே வருண, வடமேற்கே வாயு, வடக்கே குபேர, வடகிழக்கே ஈசான்ய லிங்கம். பாட்டியோடு பௌர்ணமிக்கு நடந்த பையனுக்கு அந்த வரிசை தூக்கத்திலும் வரும். காந்த ஊசியைக் கையில் கொடுத்து "நிருதி லிங்கம் எந்தப் பக்கம்?" என்று கேட்டால் போதும். பள்ளியில் இருக்கும் முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கும் இந்தப் பெயர்கள் பஸ் நிறுத்தம் போலப் பழக்கமானவைதான். பதினாலு கிலோமீட்டர் பாதையில் ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதைச் சொல்ல இந்த ஊரில் எல்லாருமே லிங்கத்தின் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

உயரம் கணிப்பதற்கு ராஜகோபுரத்தைவிட வேறு என்ன வேண்டும்? பதினோரு நிலை, 217 அடி. கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கப்பட்ட கட்டுமானம். புரட்டாசித் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் மூன்று மணி சுமாருக்குப் பையன்களைக் கீழ்வாசலுக்கு அழைத்துப் போவேன். அந்த நேரத்தில் சூரியன் மேற்கே இறங்கியிருக்கும், கோபுர நிழல் கிழக்கே தெருவில் விழும். ஒரு கோலை நட்டு, அதன் நிழல் கோலின் உயரத்துக்குச் சமமாகும் நேரத்தில் கோபுர நிழலின் நுனியில் சாக்பீஸால் குறி வைக்க வேண்டும். பிறகு குறியிலிருந்து கோபுரச் சுவர் வரை அடியடியாக அளப்பார்கள். விடை 170க்குப் பக்கத்தில் வரும். எல்லா அணிக்கும் அப்படித்தான் வரும். கோயில் பலகையில் போட்டிருக்கும் உயரத்துக்கு ஐம்பது அடி குறைவு. பையன்கள் கோலைச் சந்தேகிப்பார்கள், நிழலைச் சந்தேகிப்பார்கள், தெருச் சரிவைச் சந்தேகிப்பார்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். திரும்பி வரும் வழியிலோ அடுத்த வாரமோ யாராவது ஒருவன் கேட்பான்: "சார், உச்சி சுவருக்கு நேர் மேலேயா இருக்கு? நடுவுலதானே இருக்கு?" அதுதான். கோபுரத்தின் அடித்தளம் கிழக்கு மேற்காக 98 அடி. உச்சி அதன் நடுவில். நிழலை அளப்பது சுவரிலிருந்து தொடங்கக் கூடாது, உச்சிக்கு நேர்கீழிருந்து தொடங்க வேண்டும். பாதி 49 அடியைச் சேர்த்தால் கணக்கு வந்து நிற்கும். வகுப்பில் வடிவொத்த முக்கோணங்களை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அங்கே ஒருவனும் இப்படிக் கேட்டதில்லை. விடையை முன்பே சொல்லிவிடுகிற ஆசிரியர் ஒரு வாரக் கூட்டத்தை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்.

ஆண்டுத் திட்டம் எங்களுக்கு ஜூனில் தொடங்கும். கண் மட்டும் கார்த்திகை தீபத்தின் மேல் இருக்கும். பத்து நாள் திருவிழாவின் கடைசி நாளில் அதிகாலை நான்கு மணிக்குக் கோயிலில் பரணி தீபம், மாலை ஆறு மணிக்கு 2,668 அடி உயர மலையுச்சியில் மகா தீபம். லட்சக்கணக்கில் மக்கள் வருவார்கள். சாரணர், என்.எஸ்.எஸ்., ஜூனியர் ரெட்கிராஸ் பிள்ளைகள் சேவைக்கு நிற்பார்கள். ஒரு படையின் வெள்ளிக்கிழமைக் கூட்டங்கள் எப்படி நடந்தன என்பதை அந்த ஒரு நாள் காட்டிவிடும். எங்கே போவதற்காக இதைக் கற்கிறோம் என்று தெரிந்த பையனுக்குக் கட்டுப் போடுவதும் வரைபடம் வரைவதும் பரீட்சைப் பாடமாகத் தெரியாது.

வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தீபத்துக்கு ஊருக்கு வெளியே சாலைதோறும் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் போடுவார்கள். வேலூர் சாலை, அவலூர்பேட்டை சாலை, திண்டிவனம், வேட்டவலம், திருக்கோவிலூர், மணலூர்பேட்டை, தண்டராம்பட்டு, செங்கம், காஞ்சி சாலைகள். அன்று ஒரு சாரணனிடம் அதிகம் கேட்கப்படுவது "தம்பி, சேலம் பஸ் எங்கப்பா நிக்குது?" என்பதுதான். அதனால் ஐப்பசி முழுக்க எங்கள் போட்டி இதுதான்: ஓர் அணி பக்தர்களாக நடிக்கும், மற்ற மூன்றும் வழி சொல்லும். கை நீட்டி "அப்படிப் போங்க" என்று சொன்னால் மதிப்பெண் இல்லை. எந்தத் தெரு, எங்கே திரும்ப வேண்டும், எவ்வளவு தூரம், நடுவில் கழிப்பறையும் குடிநீரும் எங்கே என்று சொல்ல வேண்டும். வயதானவர் கேட்டால் எப்படிச் சொல்வது, கைக்குழந்தைக்காரர் கேட்டால் எந்த வழி என்று தலைவர்கள் தாங்களே விதி சேர்த்துக்கொண்டார்கள்.

விசில் பற்றிச் சொல்ல வேண்டும். சாரணர் கூட்டத்தில் விசில்தான் மொழி. நீண்ட ஒரு ஊதல் அமைதிக்கு, குறுகிய பல ஊதல்கள் கூடுவதற்கு, மூன்று குறுகியதும் ஒரு நீண்டதும் அணித் தலைவர்களை அழைக்க. மைதானத்தில் இது அழகாக வேலை செய்யும். தீபக் கூட்டத்தில் செய்யாது. நாலு பக்கமும் போலீஸ் விசில். அதனால் ஆவணியிலிருந்தே கைச்சைகையில் கூட்டம் நடத்துவோம். விசிலே ஊதாமல் ஒரு முழுக் கூட்டமும் நடத்திப் பாருங்கள், பையன்கள் ஆசிரியரையும் தலைவனையும் எப்படிக் கண்ணால் தொடர்கிறார்கள் என்று தெரியும்.

இன்னொன்று, இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்ள மாட்டேன். சாரணர்களைக் கைகோத்து நிற்கவைத்தோ கயிறு பிடிக்கவைத்தோ கூட்டத்தைத் தடுக்கக் கூடாது. அது போலீஸாரின் வேலை. நெரிசல் வந்தால் முதலில் நசுங்குவது சிறுவர்கள். எங்கள் பையன்கள் ஓரத்தில் நிற்பார்கள், சுவரோடு, இரண்டிரண்டு பேராக, ஒவ்வோர் இடத்திலும் ஓர் ஆசிரியர் கண்பார்வையில். மலை ஏறுவதற்கு அனுமதி இல்லை. இரவு எட்டு மணிக்குள் பெற்றோர் கையில் ஒப்படைத்துவிடுவோம்.

குழந்தைகள் தொலைவதுதான் அன்றைய பெரிய துயரம். போலீஸார் சிறுவர் கையில் பெற்றோரின் செல்பேசி எண் எழுதிய பட்டை கட்டிவிடுவது உண்டு. கட்டாத குழந்தையும் இருக்கும். ஓர் ஆண்டு ஒரு பெண் அழுதுகொண்டே எங்கள் பையன்கள் நின்ற இடத்துக்கு வந்தார். நான்கு வயது மகனைக் காணவில்லை. என்ன சட்டை என்று கேட்டால் பதற்றத்தில் அவருக்குச் சொல்ல வரவில்லை. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னான்: "மஞ்சள் டி-சர்ட்டு, கையில பலூன் கயிறு மட்டும் இருந்துச்சு, பலூன் இல்ல. தாத்தா ஒருத்தர் பின்னாடியே பூதநாராயணர் கோயில் பக்கம் நடந்தான் சார்." கால் மணி நேரம் முன்பு அவனைக் கடந்து போன குழந்தை அது. வேறு பெரியவரைத் தன் தாத்தா என்று நினைத்துப் பின்னாலேயே போயிருக்கிறது. அடுத்த இடத்தில் நின்ற எங்கள் அணிக்குச் செய்தி சொன்னோம். போலீஸ் உதவி மையத்துக்கும் சொன்னோம். குழந்தை கிடைத்துவிட்டது. பள்ளிச் சுவரை ஒட்டிப் போகிறவர்களின் செருப்பைக்கூட எழுதிப் பழகிய பையன் அவன்.

மழைக்காலத்துக்கு இன்னொரு திட்டம் தயாராக இருக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாதி வெள்ளிக்கிழமைகள் மழையில் போகும். வராந்தாவில் நடத்த முடிகிற கூட்டம் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்: முதலுதவி, வரைபடம், நினைவுப் பயிற்சி, கதை. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மலைச் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் சிறுவர் சிறுமியர். அடுத்த வெள்ளிக்கிழமை எந்த விளையாட்டும் வைக்கவில்லை. பையன்கள் கேட்டதெல்லாம் கேள்விகள். மண் எப்போது சரியும், முன்கூட்டித் தெரியுமா, வீடு மலையடியில் இருந்தால் என்ன செய்வது? தெரிந்ததைச் சொன்னேன்: சரிவில் புதிதாக விரிசல் விழுவது, மரமும் கம்பமும் சாய்வது, ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்குவது அல்லது நிற்பது, இவற்றைப் பார்த்தால் பொருள் எடுக்க நிற்காமல் பக்கவாட்டில் விலகிவிட வேண்டும். பிறகு அணி மூலையில் ஒவ்வொரு பையனும் தன் வீட்டிலிருந்து மேடான பத்திரமான இடத்துக்குப் போகும் வழியை வரைந்தான். திட்டமிட்ட பாடம் எதுவாக இருந்தாலும் சில வாரங்களில் அதை ஓரமாக வைத்துவிட வேண்டும்.

மாதம் ஒருமுறை தலைவர்கள் மட்டும் கூடும் மன்றம் உண்டு. கோர்ட் ஆஃப் ஹானர் என்பார்கள். தண்டனை கொடுக்கும் இடம் என்று பையன்கள் முதலில் நினைப்பார்கள். ஒரு பையன் தொடர்ந்து வெள்ளிக்கிழமை வரவில்லை, பெயரை எடுத்துவிடலாம் என்று ஒரு தலைவன் சொன்னான். இன்னொருவன் "அவன் வீட்டுக்குப் போனியாடா?" என்று கேட்டான். யாரும் போகவில்லை. போய்ப் பார்த்தார்கள். அவன் அம்மா கோயில் வாசலில் பூ விற்கிறவர். வெள்ளிக்கிழமை மாலைதான் வியாபாரம், மகன்தான் பூத்தொடுக்க உதவி. அடுத்த மன்றத்தில் அவர்கள் எடுத்த முடிவு இது: திங்கள்கிழமை மதியம் அவன் அணித் தலைவன் அவனுக்கு மட்டும் பத்து நிமிடம் சொல்லிக்கொடுப்பான், தீபச் சேவையில் அவன் நிற்கலாம், பூக்கடைகள் இருக்கும் பக்கம் அவன்தான் பொறுப்பு. நான் இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவன் ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில விருது வரை போனான்.

2025 ஜனவரி இறுதியில் மணப்பாறையில் இயக்கத்தின் வைரவிழாப் பெருந்திரளணி நடந்தது. எங்கள் படையிலிருந்தும் சிலர் போனார்கள். வெவ்வேறு மாநிலப் பையன்களோடு ஒரு வாரம் கூடாரத்தில். திரும்பி வந்தவர்கள் மன்றத்தில் ஒரு விஷயத்தைக் கொண்டுவந்தார்கள். பேச்சு புரியாதபோது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே தெரிந்துகொண்டார்களாம். தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் எவ்வளவு பேர் வருகிறார்கள்! அவர்கள் குழந்தை தொலைந்தால் நாம் என்ன கேட்போம்? எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். அதுவரை பள்ளியில் அதை அவன் வெளியே சொன்னதில்லை. பெயர் என்ன, ஊர் எது, யாரோடு வந்தாய், என்ன நிறச் சட்டை, பயப்படாதே என்று பத்து வாக்கியங்களை அவன் சொல்லச் சொல்லத் தலைவர்கள் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். ஜூன் மாதத்து முதல் புதன்கிழமைக்கு அவனையே ஆசிரியராகப் போட்டிருந்தார்கள். அந்தத் திட்டத் தாள் என் கையெழுத்துக்கு வந்தபோது நேரம் மட்டும் திருத்தினேன். இருபத்தைந்து நிமிடம் என்று எழுதியிருந்தார்கள், இருபதாக்கினேன்.